உலக சினிமாவுக்குப் புதியவர் எந்தப் படங்களில் தொடங்கலாம், எந்த வரிசையில் பார்க்கலாம்?

தமிழ், மலையாளம், ஹாலிவுட் என்று பார்த்துப் பழகிய ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: “உலகின் தலைசிறந்த படங்கள் என்ற பட்டியலைத் தேடி எடுத்து, முதலிடத்தில் இருந்ததைப் போட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை. எனக்கு ரசனை போதவில்லையா? எதில் தொடங்குவது?”

ரசனையில் ஒரு குறையும் இல்லை. பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்க்கத் தொடங்கியதுதான் சிக்கல்.

பிரிட்டனின் ‘சைட் அண்ட் சவுண்ட்’ இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் வாக்கெடுத்து வெளியிடும் பட்டியலுக்குத்தான் மதிப்பு அதிகம். முதல் முறை ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ முதலிடம் பிடித்தது. 1962 முதல் 2002 வரை ஐந்து முறையும் ‘சிட்டிசன் கேன்’. 2012-ல் ‘வெர்டிகோ’. 2022-ல் சாந்தால் அகெர்மான் 1975-ல் எடுத்த ‘ழான் டீல்மன்’. கடைசியாகச் சொன்ன படம் 3 மணி 20 நிமிடம் ஓடும். பிரஸ்ஸல்ஸ் நகரில் கணவனை இழந்த ஒரு பெண் மூன்று நாட்கள் செய்யும் வீட்டு வேலைகளைக் கேமரா அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கும். உருளைக்கிழங்கு உரிப்பதுகூட முழுதாக வரும். மகத்தான படம்தான். ஆனால் சமையலறை வேலையை சினிமா எப்போதும் வெட்டித் தள்ளிவிட்டே வந்திருக்கிறது என்பதை உணர்ந்தவருக்குத்தான் அதன் வீச்சு புரியும். வாக்களிப்பவர்கள் படம் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். அவர்கள் போய்ச் சேர்ந்த இடத்தில் நாம் தொடங்க வேண்டியதில்லை.

புதியவரை எது தடுக்கிறது என்று பிரித்துப் பார்த்தால் வழி தெரியும். கறுப்பு வெள்ளை, சப்டைட்டில், வசனமே இல்லாமை, மெதுவான நடை, ‘இங்கே அழு, இங்கே பயப்படு’ என்று சொல்லும் பின்னணி இசை இல்லாமை, முடிச்சு அவிழாத முடிவு. ஒவ்வொன்றும் தனித்தனியாக எளிதில் பழகிவிடும். எல்லாம் ஒரே படத்தில் சேர்ந்து வரும்போதுதான் தூக்கம் வருகிறது. அதனால் ஒரு படத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு புதுமைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி கதை இழுத்துக்கொண்டு போகும் படமாக இருக்கட்டும்.

கறுப்பு வெள்ளைக்குப் பழக சிட்னி லூமெட்டின் ‘12 ஆங்ரி மென்’ (1957) மிகப் பொருத்தம். 96 நிமிடம்தான். கொலை வழக்கில் தீர்ப்பு சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் ஒரே அறையில் உட்கார்ந்து வாதாடுகிறார்கள். பத்தாவது நிமிடத்தில் படத்துக்கு நிறம் இல்லை என்பதே மறந்துவிடும். முடித்ததும் முதல் பத்து நிமிடத்தையும் கடைசி இருபது நிமிடத்தையும் மறுபடி ஓட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் கேமரா அவர்களின் கண்மட்டத்துக்கு மேலிருந்து பார்க்கும், நடுவில் கண்மட்டத்துக்கு இறங்கும், கடைசிப் பகுதியில் அதற்கும் கீழே போய்விடும். அப்போதுதான் அறையின் மேற்கூரை கண்ணில் படத் தொடங்கும். கூடவே லென்ஸின் குவியத் தூரத்தையும் லூமெட் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போனார். சுவர் முதுகுக்குப் பின்னால் நெருங்கி வந்ததுபோல் ஒரு புழுக்கம் வருவது இதனால்தான். முதல் முறை பார்க்கும்போது இதைக் கவனிக்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனால் இரண்டாம் முறை கண்டுவிட்டால், ‘இயக்கம்’ என்று சொல்வது எது என்பது கைக்குப் பிடிபட்டுவிடும்.

இதே பெயரில் 1997-ல் ஒரு தொலைக்காட்சிப் படமும் உண்டு, ஆண்டைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். அடுத்து ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ (1954). இது வண்ணப் படம், 112 நிமிடம். கால் முறிந்து வீட்டில் கிடக்கும் புகைப்படக்காரர் ஜன்னல் வழியே என்ன பார்க்கிறாரோ அதுதான் நமக்கும். இதில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள்: எதிர்வீட்டு பியானோ, ரேடியோ, தெருச் சத்தம் என்று அந்த முற்றத்திலிருந்து வரும் ஒலிகள்தான் பெரும்பாலும் படத்தின் இசை.

இந்த இரண்டும் ஆங்கிலப் படங்கள், வசனம் நிறைய. வேகமாக வரும் ஆங்கில சப்டைட்டில் சிரமமாக இருந்தால் ‘12 ஆங்ரி மென்’ படத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, பேச்சு குறைந்த படங்களில் தொடங்கலாம். உலகப் படங்களுக்குத் தமிழ் சப்டைட்டில் கிடைப்பது அரிது என்பதால் இதைத் தொடக்கத்திலேயே யோசித்துவிடுவது நல்லது.

சப்டைட்டிலுக்குப் பழக ஈரானியப் படங்களைவிட நல்ல இடம் இல்லை. மஜித் மஜிதியின் ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) 89 நிமிடம். தங்கையின் செருப்பைத் தொலைத்துவிட்ட அண்ணன். அப்பாவிடம் சொன்னால் அவரால் புதிது வாங்கித்தர முடியாது. பெண்கள் பள்ளி காலையில், பையன்கள் பள்ளி மதியம். இருவரும் ஒரே ஜோடி ஷூவை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடுகிறார்கள். வசனம் சுருக்கம், நிலைமை நம் தெருவிலும் நடக்கக்கூடியது, பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கலாம். இதற்குப் பிறகு அஸ்கர் ஃபர்ஹாதியின் ‘எ செபரேஷன்’ (2011). முதல் காட்சியிலேயே விவாகரத்து கேட்டு வந்த கணவனும் மனைவியும் நேராகக் கேமராவைப் பார்த்துப் பேசுவார்கள். நீதிபதியின் முகம் தெரியாது, அந்த நாற்காலியில் நம்மை உட்கார்த்திவிடுகிறார் இயக்குநர். படத்தின் நடுவில் ஒரு முக்கியமான நிகழ்வைக் காட்டாமல் தாண்டிவிடுவார். காட்டாத அந்த இடத்தைச் சுற்றியே பிற்பாதி முழுவதும் சுழலும். வசனம் அடர்த்தியாக வரும் படம் என்பதால் சப்டைட்டில் வேகம் பிடிபட்ட பிறகு போடுங்கள்.

கறுப்பு வெள்ளையும் வேற்று மொழியும் தனித்தனியாகப் பழகிய பின் இரண்டையும் சேர்க்கலாம். விட்டோரியோ டி சிகாவின் ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948), 89 நிமிடம். போருக்குப் பிந்தைய ரோம். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைக்கிறது, ஆனால் சைக்கிள் வேண்டும். சைக்கிள் அடகில் இருக்கிறது. மனைவி படுக்கையிலிருந்த விரிப்புகளை உருவி எடுத்துக் கொண்டுபோய் அடகு வைத்து அதை மீட்கிறாள். அந்த அடகுக்கடைக் காட்சியில் கண் சிமிட்டாதீர்கள். கடை ஆள் இவர்களுடைய மூட்டையைத் தூக்கிக்கொண்டு அடுக்கின்மேல் ஏறுவார். ஏறிக்கொண்டே இருப்பார். கேமராவும் கூடவே ஏறும், உயர உயர மற்றவர்கள் வைத்த மூட்டைகள். ஊர் முழுக்க விரிப்பில்லாமல் படுத்திருக்கிறது என்பதை ஒரு வார்த்தை வசனம் இல்லாமல் சொல்லிவிடுகிறது அந்த ஒரு காட்சி. அப்பாவாக நடித்தவர் நிஜத்தில் ஒரு ஆலைத் தொழிலாளி. லண்டனில் இந்தப் படத்தைப் பார்த்ததுதான் சத்யஜித் ராய்க்கு, பெரிய நட்சத்திரங்களும் ஸ்டுடியோவும் இல்லாமல் படமெடுக்கலாம் என்ற துணிவைத் தந்தது.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் படங்களுக்குள் நுழைய பலரும் ‘ரஷோமான்’ சொல்வார்கள். முதலில் ‘ஹை அண்ட் லோ’ (1963) பார்ப்பது சுலபம் என்பது என் கருத்து. செருப்புக் கம்பெனி நிர்வாகியின் மகனைக் கடத்த வந்தவன் தவறுதலாக அவருடைய டிரைவரின் மகனைக் கடத்திவிடுகிறான். பணம் கொடுக்க வேண்டுமா? முதல் ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட முழுவதும் ஒரே வரவேற்பறையில் நடக்கும். அகலமான திரையில் ஏழெட்டுப் பேர் நிற்பார்கள், யார் யாரைப் பார்க்காமல் முகத்தைத் திருப்புகிறார்கள் என்பதில்தான் கதை. செல்போனில் பார்த்தால் அந்த முகங்கள் கடுகளவுக்குச் சுருங்கிவிடும். இந்தப் படத்துக்கு டிவியாவது வேண்டும்.

‘ரஷோமான்’ (1950) வெறும் 88 நிமிடம்; 1951-ல் வெனிஸில் தங்கச் சிங்கம் வென்று, ஜப்பானிய சினிமாவை மேற்குலகம் திரும்பிப் பார்க்கச் செய்த படம். தமிழ் ரசிகருக்கு இதில் ஒரு தனி வசதி உண்டு. இதன் உந்துதலில் எஸ். பாலச்சந்தர் 1954-ல் எடுத்த ‘அந்த நாள்’ நம்மிடம் இருக்கிறது, சிவாஜி கணேசன் நடித்த, பாடலே இல்லாத படம். இரண்டையும் அடுத்தடுத்த நாளில் பாருங்கள். இரண்டிலும் ஒரு சாவைப் பலர் பல விதமாகச் சொல்கிறார்கள். ‘அந்த நாள்’ கடைசியில் உண்மையைக் கையில் கொடுத்துவிடும். ‘ரஷோமான்’ கொடுக்காது. முடிச்சு அவிழாத முடிவை ஏற்றுக்கொள்ள இதைவிட நல்ல பயிற்சி கிடைக்காது.

மௌனப் படம் என்றாலே பயப்படுபவர்கள் சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தில் தொடங்கினால் போதும். பேசும்படம் வந்து ஆண்டுகள் கழித்து வேண்டுமென்றே பேசாமல் எடுக்கப்பட்டது, ஒலியும் இசையும் சாப்ளின் அமைத்தபடியே இருக்கின்றன. பிறகு ‘சிட்டி லைட்ஸ்’ (1931), பிறகு பஸ்டர் கீட்டனின் ‘த ஜெனரல்’ (1926). கீட்டன் படத்தில் எரியும் பாலத்தோடு ஆற்றில் விழுவது நிஜ ரயில் எஞ்சின். அந்தக் காலத்தில் கணினி ஜாலம் எதுவும் கிடையாது.

மௌனப் படங்களில் பிரதிதான் பெரும் தொல்லை. கையால் சுழற்றி எடுத்த படங்கள் பல, விநாடிக்கு 16 முதல் 24 சட்டகம் (ஃப்ரேம்) வரை வேகம் மாறும். அதைக் கவனிக்காமல் எல்லாவற்றையும் 24-ல் ஓட்டினால் மனிதர்கள் குடுகுடுவென்று ஓடுவார்கள். ‘பழைய படம் என்றாலே அப்படித்தான்’ என்ற எண்ணம் இப்படி வந்ததுதான். காப்புரிமை காலாவதியான படங்களை யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால், யூடியூபில் மங்கிய பிரதிக்கு யாரோ சம்பந்தமில்லாத இசையை ஒட்டி வைத்திருப்பதும் சகஜம். ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘மெட்ரோபோலிஸ்’ (1927) இதற்கு நல்ல உதாரணம். வெளியான சில மாதங்களிலேயே வெட்டப்பட்டு, பல பத்தாண்டுகள் அரைகுறையாகவே உலவியது. 2008-ல் பியூனஸ் அயர்ஸில் நீளமான ஒரு பிரதி கிடைத்து, 2010-ல் சுமார் இரண்டரை மணி நேரப் பதிப்பு வந்தது. நீங்கள் எடுத்த பிரதி இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்தால் அது பழைய வெட்டுப் பிரதி.

ஓடும் நேரத்தைச் சரிபார்ப்பது எல்லாப் பழைய படங்களுக்கும் பழக்கமாக வேண்டும். குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) முழு நீளம் 207 நிமிடம். வெளிநாடுகளுக்காகச் சுருக்கிய பிரதிகளும் உண்டு. ஆனால் 198 அல்லது 199 நிமிடம் என்று இருந்தால் பதற வேண்டாம். அது ‘பால்’ (PAL) என்ற ஐரோப்பியத் தொலைக்காட்சி முறைக்கான டிவிடியிலிருந்து வந்தது, விநாடிக்கு 24-க்குப் பதில் 25 சட்டகமாக ஓடுவதால் நான்கு சதவீதம் சுருங்கும், காட்சி எதுவும் போகவில்லை. அதே காரணத்தால்தான் சப்டைட்டில் முதலில் சரியாக இருந்து போகப் போக விலகும். மொத்தப் படத்திலும் ஒரே அளவு முந்தினாலோ பிந்தினாலோ கணினியில் படம் ஓட்டும் விஎல்சி (VLC) பிளேயரில் ஜி, எச் விசைகளால் 50 மில்லி விநாடி வீதம் நகர்த்திச் சரிசெய்யலாம். விலகல் கூடிக்கொண்டே போனால் நகர்த்திப் பயனில்லை. அந்தப் பிரதிக்குரிய வேறு சப்டைட்டில் கோப்பைத்தான் தேட வேண்டும்.

டிவியிலும் இரண்டு அமைப்புகளை மாற்றுங்கள். பல டிவிகளில் அசைவை வழவழப்பாக்கும் வசதி வாங்கும்போதே போட்டிருக்கும்: சாம்சங்கில் ஆட்டோ மோஷன் பிளஸ், எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ. இருக்கும் சட்டகங்களுக்கு இடையே இல்லாத சட்டகங்களைச் செருகி, எந்தப் படத்தையும் மெகா சீரியல்போல ஆக்கிவிடும். அணைத்துவிடுங்கள். ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ இருந்தால் அதைப் போட்டாலே போதும். அடுத்தது ஜூம். 1950-களின் முற்பகுதி வரை வந்த படங்கள் பெரும்பாலும் 1.37-க்கு 1 என்ற, சதுரத்துக்கு நெருக்கமான அளவில் எடுக்கப்பட்டவை. இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரத்தான் செய்யும். அதை நிரப்ப ஜூம் செய்தால் மேலும் கீழுமாகக் கிட்டத்தட்ட கால் பங்கு படம் காணாமல் போகும். செயற்கையாக வண்ணம் பூசிய பதிப்புகளையும் தொடாதீர்கள். பழைய இத்தாலியப் படங்களில் உதடும் குரலும் ஒட்டாமல் இருந்தால் மட்டும் பிரதியைச் சந்தேகிக்க வேண்டாம், அங்கே குரலைப் பின்னால் சேர்ப்பதுதான் வழக்கம்.

‘செவன் சாமுராய்’ பற்றி இன்னும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீளத்தைப் பார்த்தே பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். படத்திலேயே இடைவேளை இருக்கிறது; இரண்டு இரவுகளாகப் பிரித்துப் பார்ப்பதில் தவறே இல்லை. கொள்ளையர்கள் நாற்பது பேர். தலைவர் கம்பே ஒரு தாளில் அவர்களை வட்டங்களாக வரைந்து, ஒவ்வொருவன் விழும்போதும் ஒன்றை அடிப்பார். சண்டைக்கு முன்பே கிராமத்தைச் சுற்றி நடந்து எந்தத் திசையில் எப்படித் தடுப்பது என்று திட்டமிடுவார். கூடவே நாமும் நடந்துவிடுகிறோம். அதனால் கடைசிச் சண்டையில் கொட்டும் மழையிலும் சேற்றிலும்கூட யார் எங்கே நிற்கிறார்கள், இன்னும் எத்தனை பேர் மிச்சம் என்பது குழம்பாது. இன்றைய பெரிய பட்ஜெட் சண்டைக் காட்சிகள் பலவற்றில் இந்தத் தெளிவு இல்லை. இந்தப் படத்தைப் பார்த்த கண்ணுக்கு அந்தக் குறை உடனே தெரிந்துவிடும்.

சத்யஜித் ராயின் ‘பதேர் பாஞ்சாலி’யை (1955) இவற்றுக்குப் பிறகு வைக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அதில் இழுத்துச் செல்லும் முடிச்சு கிடையாது. ஒரு குடும்பத்தின் நாட்கள் நகரும், அவ்வளவுதான். ‘எப்போது கதை தொடங்கும்’ என்று காத்திருப்பவர் படத்தையே தவறவிடுவார். துயரத்தின் உச்சத்தில் ஒரு அழுகை வரும், தொண்டையிலிருந்து அல்ல, தார் ஷெனாய் என்ற நரம்பு வாத்தியத்திலிருந்து. ரவிசங்கரின் இசை அந்த இடத்தில் செய்வதை எந்த நடிப்பாலும் செய்திருக்க முடியாது. இதன் மூலப் படச்சுருள்கள் 1993-ல் லண்டன் லேப் ஒன்றில் நடந்த தீ விபத்தில் கருகின. மிஞ்சியதைக் கொண்டும் வேறு பிரதிகளைக் கொண்டும் சீரமைத்த பதிப்பு 2015-ல் வந்தது. இணையத்தில் உலவும் சாம்பல் பூத்த பிரதிக்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். சீரமைத்தது கிடைக்கும்வரை காத்திருங்கள்.

‘சிட்டிசன் கேன்’ (1941) எப்போது? இங்கே சொன்ன படங்களில் குறைந்தது பத்தைப் பார்த்த பிறகு. அருகில் இருப்பவரும் தூரத்தில் இருப்பவரும் ஒரே தெளிவில் தெரிவதும், தரைமட்டத்திலிருந்து கேமரா அண்ணாந்து பார்ப்பதும், காலம் முன்னும் பின்னும் தாவுவதும் அதற்குப் பின் வந்தவர்கள் எல்லோரும் எடுத்தாண்டவை. எதுவும் பழகாமல் முதலில் அதைப் பார்த்தால் ‘இதில் என்ன புதுசு?’ என்றுதான் தோன்றும். அதே காலத்து ஹாலிவுட் படம் ஒன்றை, ‘காசாபிளாங்கா’ (1942) என்று வைத்துக்கொள்ளலாம், முந்தின நாள் பார்த்துவிட்டு இதற்கு வாருங்கள். எங்கே கேமரா வழக்கத்திலிருந்து விலகிப் போகிறது என்பது தானே தெரியும்.

எந்தப் படத்துக்கும் நாற்பது நிமிடம் கொடுங்கள். பிடிக்கவில்லை என்றால் நிறுத்திவிடலாம். ஒரு விதிவிலக்கு க்ளூஸோவின் ‘வேஜஸ் ஆஃப் ஃபியர்’ (1953). நைட்ரோகிளிசரின் ஏற்றிய லாரிகள் கிளம்பவே ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் புழுதி ஊரில் வேலையின்றி அடைபட்டுக் கிடப்பதை நாமும் அனுபவித்தால்தான், உயிர் போகும் வேலைக்கு ஏன் போட்டி போடுகிறார்கள் என்பது விளங்கும். லாரி கிளம்பிய பிறகு மூச்சு விட மறந்துபோகும். இதற்கு 2024-ல் ஒரு மறுஆக்கம் வந்திருக்கிறது, பழையதைத்தான் எடுக்க வேண்டும்.

எங்கே கிடைக்கும் என்பது மாதத்துக்கு மாதம் மாறும். ஸ்ட்ரீமிங் தளங்களில் மூபி இந்தியாவில் உண்டு, க்ரைட்டீரியன் சேனல் அமெரிக்காவிலும் கனடாவிலும் மட்டும். திரைப்பட விழாக்களுக்குப் போக முடிந்தால் டிசம்பரில் திருவனந்தபுரத்தில் நடக்கும் கேரள சர்வதேசத் திரைப்பட விழா அருமையானது. சீரமைத்த பழைய படங்களைப் பெரிய திரையில் பார்க்க வாய்ப்பு உண்டு.

ஒவ்வொரு பெரிய இயக்குநருக்கும் ஒரு எளிய வாசல் இருக்கிறது, பெரும்பாலும் அது அவருடைய மிகப் புகழ்பெற்ற படம் அல்ல. பெர்க்மனுக்கு ‘பெர்சோனா’வை விட்டுவிட்டு ‘வைல்ட் ஸ்ட்ராபெரீஸ்’ (1957). தார்க்கோவ்ஸ்கிக்கு ‘மிரர்’, ‘ஸ்டாக்கர்’ இரண்டையும் தள்ளிவைத்து ‘ஐவன்ஸ் சைல்ட்ஹுட்’ (1962). 95 நிமிடத்தில் அவருடைய கனவுக் காட்சிகளின் ருசி தெரிந்துவிடும். ஃபெலினிக்கு ‘எய்ட் அண்ட் எ ஹாஃப்’ வேண்டாம், ‘லா ஸ்ட்ராடா’ (1954). ப்ரெஸ்ஸோனுக்கு ‘எ மேன் எஸ்கேப்ட்’ (1956): கைதி தப்பிவிடுவான் என்பது தலைப்பிலேயே தெரியும், இருந்தும் ஒரு கரண்டியைத் தீட்டிக் கதவுப் பலகையைச் சுரண்டும்போது நம் கை வேர்க்கும். கியாரோஸ்தமிக்கு ‘வேர் இஸ் த ஃப்ரெண்ட்ஸ் ஹவுஸ்’ (1987). ஆப்பிரிக்க சினிமாவுக்கு செனகலின் உஸ்மான் செம்பேன் எடுத்த ‘பிளாக் கேர்ள்’ (1966), ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். கோதார், அன்டோனியோனி இருவரும் காத்திருக்கட்டும். அன்டோனியோனியின் ‘லாவெஞ்சுரா’வை 1960-ல் கான் விழாவிலேயே கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள், அதே விழாவில் அதற்கு ஜூரி பரிசும் கிடைத்தது.

யசுஜிரோ ஓசுவுக்கு ‘குட் மார்னிங்’ (1959). வண்ணப் படம், 94 நிமிடம். டிவி வாங்கித் தராததால் இரண்டு பையன்கள் பேசாமல் போராட்டம் நடத்துகிறார்கள். சிரித்துக்கொண்டே பார்க்கும்போது, கேமரா பாயில் உட்கார்ந்தவரின் உயரத்துக்கு இறங்கி அங்கேயே அசையாமல் இருப்பதும், பேசுபவர்கள் கிட்டத்தட்ட நம்மையே பார்ப்பதும், காட்சிக்கும் காட்சிக்கும் நடுவில் ஆளில்லாத தெருவோ துணி காயும் கொடியோ வந்து போவதும் கண்ணுக்குப் பழகிவிடும். அதன் பிறகு ‘டோக்கியோ ஸ்டோரி’ (1953), 136 நிமிடம். முதியவர்கள் இருவர் பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வருகிறார்கள்; பிள்ளைகளுக்கு நேரமில்லை. முக்கியமான நிகழ்வுகள் சில திரைக்கு வெளியே நடந்துவிடும், யாரோ பேச்சுவாக்கில் சொல்லித்தான் நமக்குத் தெரியவரும். அதனால் இந்த ஒரு படத்தைப் பார்க்கும்போதாவது போனை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.